லாயத்துப் பாடம்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் மிகச் சிறியதோர் அறிவிப்பு இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கண்டவர்கள் காரணம் வினவினார்கள். குதிரைகளின் விஷயத்தில் தாம் அன்றிரவு கடிந்துகொள்ளப்பட்டதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். செய்தி அவ்வளவுதான். இந்த இடத்தை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். அறிவிப்பாளர் தொடரில் ஸஹாபியின் பெயர் விடுபட்டிருப்பதைப் பற்றிக் கேட்பார்கள். அந்த மேலாடை எத்தகையது என்று கேட்டவரும் உண்டு. ஒரு மிருகத்தின் முகத்தைத் தம் உடுப்பால் ஏன் துடைக்கவேண்டும், அதன் பொருட்டு ஒரு நபி ஏன் இரவில் கடிந்துகொள்ளப்படவேண்டும் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. ஆசிரியராகிய நாமும் கேட்டுக்கொண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்மைக் கேட்க வைத்தது லண்டன் மாநகரத்துச் செய்தி ஒன்று.

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், தென் இங்கிலாந்தின் குட்வுட் என்னும் இடத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது. மக்னோலியா கோப்பை என்று அதற்குப் பெயர். அறப்பணிக்கு நிதி சேர்ப்பதற்காக, தொழில்முறை ஓட்டிகள் அல்லாத பெண்கள் மட்டும் ஓட்டும் பந்தயம் அது. அதில் முதலாவதாக வந்தவர் கதீஜா மெல்லாஹ் என்னும் 18 வயது முஸ்லிம் பெண். தலைத்துணி அணிந்தபடியே பந்தயம் ஓட்டினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தத் தலைத்துணியைப் படம் பிடித்துப் போட்டன. நம் வீடுகளிலும் அந்தப் படம் கைபேசிக்குக் கைபேசி தாவிற்று. “மாஷா அல்லாஹ்” என்றார்கள் சிலர், “பெண்பிள்ளை குதிரை ஏறுவதா?” என்றார்கள் சிலர். பின்னவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வோம். ஒட்டகம் ஏறும் பெண்களிலே சிறந்தவர்கள் குறைஷிக் குலத்துப் பெண்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டிய நபிமொழி புகாரியிலே இருக்கிறது. வாகனம் ஏறுவது வெட்கத்துக்கு மாறானதாக இருந்திருப்பின் அப்பாராட்டு எழுந்திராது. பந்தயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டம் வேறு, சூதாட்டம் வேறு. மதீனாவிலே பெருமானார் (ஸல்) அவர்களே குதிரைகளை ஓடவிட்டார்கள். தீனி அளந்து மெலிய வைத்துப் பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை நீண்ட தூரம். பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். ஓட்டியவர்களில் ஒருவர் இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்கள். பணயம் வைத்துச் சூதாடுவதோ ஹராம். பந்தயத் திடலைச் சுற்றி நடக்கும் அந்த வியாபாரத்துக்கு இக்கட்டுரையில் இடமில்லை.

நம்முடைய கவனம் பந்தயத்தின் மீதன்று, அதற்கு முந்திய ஆண்டுகளின் மீது. அப்பெண் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். தெற்கு லண்டனின் பெக்கம் பகுதியில் வளர்ந்தவர். அங்குள்ள பள்ளிவாசலில் கிடைத்த ஒரு துண்டறிக்கையைத் தாயார் பார்த்திருக்கிறார். அதன் வழியேதான், அருகிலுள்ள பிரிக்ஸ்டன் பகுதியில் இயங்கும் எபனி குதிரைச் சங்கத்தைப் பற்றித் தெரிய வந்தது. பிரிக்ஸ்டன், கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய மக்கள் நெருங்கி வாழும் இடம். வேலையின்மையும் காவல்துறையின் கெடுபிடியும் சேர்ந்து 1981 ஏப்ரலில் அங்கே பெருங்கலவரம் மூண்டது. அப்படிப்பட்ட இடத்தில் 1996இல் தொடங்கப்பட்ட சங்கம் அது. 2011இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே சொந்தமாக ஒரு லாயம் எழுப்பிக்கொண்டது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே குதிரையை வளர்க்கவும் ஏறவும் கற்கிறார்கள். இங்கிலாந்தில் குதிரையேற்றம் பணக்காரரின் விளையாட்டு என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் இதுபோன்ற ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஃப்ளெச்சர் தெரு என்னும் வறிய கறுப்பர் குடியிருப்பில், பழைய கட்டடங்களின் இடுக்கிலே குதிரை லாயங்கள் இருக்கின்றன. வண்டிக் குதிரைகள் நகரத்துக்குச் சாமான் இழுத்த காலத்தின் எச்சம் அது. மோட்டார் வந்த பிறகு உலகமெல்லாம் குதிரையைக் கைவிட்டது. அந்தத் தெருக்காரர்கள் கைவிடவில்லை. அம்மாநிலத்தின் நியூ ஹாலண்ட் ஏலச்சந்தையில் குதிரைகளை மலிவாக வாங்கி வருவார்கள். அங்கே வேறு யாரும் கேட்காத குதிரை கசாப்புக்குத்தான் போகும்; அமெரிக்காவில் குதிரைக் கசாப்புக் கூடங்கள் 2007இல் மூடப்பட்ட பிறகும் எல்லை தாண்டிக் கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் கொண்டுபோகிறார்கள். வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட குதிரை, வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. போதைப் பொருளும் துப்பாக்கியும் மலிந்த தெருவில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் லாயத்துக்கு ஓடுகிறார்கள். இதை வைத்து 2011இல் ஒரு சிறுவர் நாவலும், அதைத் தழுவி 2020இல் ஒரு திரைப்படமும் வந்தன. ஆனால் குதிரைகளை உலாவ விட்டிருந்த காலி மனை கட்டடத்துக்குப் போய்விட்டது. நகரம் வளருமிடத்தில் குதிரைக்கு நிலம் ஏது?

இந்தப் பிள்ளைகள் அங்கே என்ன கற்கிறார்கள்? ஏறிச் சவாரி செய்வதை என்று நினைப்போம். அது கடைசிப் பாடம். முதற்பாடம் இலத்தி அள்ளுவது.

ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். முப்பது லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். அவ்வளவு பெரிய உடலுக்கு அதன் இரைப்பை சிறியது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுதும் தின்னவேண்டிய பிராணி. ஆகாத தீனியைத் தின்றுவிட்டால் வாந்தியெடுக்க அதனால் இயலாது. வயிற்றுவலியில் புரண்டு புரண்டு செத்தே போகலாம். ஈரப்படுக்கையில் நின்றால் குளம்பு அழுகும். ஆகையால் ஒவ்வொரு நாளும் நான்கு கால்களையும் தூக்கி, கொக்கி போன்ற சிறு இரும்பால் மண்ணையும் கல்லையும் நீக்கவேண்டும். குளம்பின் நடுவிலுள்ள மென்மையான முக்கோணப் பகுதியில் இரும்பு பட்டுவிடக் கூடாது. ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்றவேண்டும். பெருநாளென்றும் பரீட்சையென்றும் காய்ச்சலென்றும் பார்த்து அதன் பசி நிற்காது.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. குதிரை இயல்பிலேயே பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. ஆபத்தென்று தோன்றினால் ஓடுவதே அதன் தற்காப்பு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது. பின்பக்கமாகச் செல்பவன் உதைபடுவான். கோபத்தோடு வருபவனின் நடையிலேயே அது கோபத்தை அறிந்துகொள்ளும். காதைப் பின்னுக்கு மடக்கும், ஒதுங்கும். தெருவிலே முரட்டுத்தனத்தால் மதிப்புப் பெற்ற பையன் ஒருவன் லாயத்துக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய முரட்டுத்தனம் ஐந்நூறு கிலோவுக்கு முன்னால் செல்லாது. கெஞ்சலும் செல்லாது, முகத்துதியும் செல்லாது. அவன் மூச்சை அடக்கி, தோளைத் தளர்த்தி, பக்கவாட்டில் மெல்ல அணுகிக் கையை நீட்டவேண்டும். குதிரையை அடக்க அவன் முதலில் தன்னை அடக்கியாகவேண்டும்.

அறபு மொழி இதை எப்போதோ கண்டுகொண்டது. மனிதன் தன் குதிரையைப் பழக்குவதை அனுமதிக்கப்பட்ட விளையாட்டுகளில் ஒன்றாக நபிமொழி எண்ணுகிறது. அங்கே பழக்குதலுக்கு ஆளப்பட்டுள்ள சொல் ‘தஅதீப்’. பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிப்பதற்கும் அதுவேதான் சொல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவிலே மனத்தைப் பயிற்றுவிப்பதற்கென ஒரு தனிப் பாகம் வகுத்து, அதற்கு இட்ட பெயரில் உள்ள ‘ரியாளத்’ என்னும் சொல், குதிரைக்குட்டியைச் சவாரிக்குப் பழக்குவதைக் குறித்து வந்தது. அரசாட்சியைக் குறிக்கும் ‘சியாஸத்’தும், குதிரையைப் பராமரிக்கும் ‘சாயிஸ்’ என்னும் ஏவலாளின் பெயரும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. லாயத்தை ஆளத் தெரியாதவன் நாட்டை ஆள வருகிறான் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்கு அகராதியின் ஆதரவும் இருக்கிறது.

அதே அகராதி எச்சரிக்கையும் விடுக்கிறது. குதிரைகளுக்கு ‘கைல்’ என்று பெயர், செருக்குக்கு ‘குயலாஉ’ என்று பெயர், இரண்டும் உடன்பிறப்புகள். செருக்கோடு நடப்பதால்தான் குதிரைக்கு அப்பெயர் வந்தது என்பர் அறபு இலக்கணவாணர். குதிரை ஒருவனுக்கு நற்கூலியாகவும், ஒருவனுக்கு மறைப்பாகவும், பெருமையடிக்க வளர்ப்பவனுக்குப் பாவச்சுமையாகவும் அமையும் என்ற நபிமொழியை நாம் மறந்துவிடலாகாது. அப்படியானால் ஃப்ளெச்சர் தெருவின் பையன் எல்லாரும் பார்க்கக் குதிரைமேல் ஊர்வலம் போகிறானே, அது செருக்கு அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். நாம் நீண்ட நேரம் யோசித்தோம். பிறந்ததிலிருந்து கடைக்காரனும் காவலனும் சந்தேகக் கண்ணோடு பார்த்த பிள்ளை அவன். குதிரை முதுகிலே அமர்ந்தபோதுதான் பிறர் அவனை நிமிர்ந்து பார்க்கிறார்கள். குனிந்தே பழகிய தலை நிமிர்வதைச் செருக்கென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிறர் தலையைக் குனிய வைக்க எண்ணும்போதுதான் அது செருக்காகும். தவிர, நேற்றுத் தான் அள்ளிய இலத்தியை மறந்துவிட்டு எவனும் அதிக நேரம் செருக்கோடு இருக்க முடியாது.

ஆனால் நம்மைப் பல நாள் உறங்கவிடாத கேள்வி இதுவன்று. பிள்ளை திருந்துவதற்காகக் குதிரையைப் பயன்படுத்துவது தகுமா? மனிதனுக்குப் புத்தி வரவேண்டும் என்பதற்காக, புத்தி வராதவன் கையில் ஓர் உயிரை ஒப்படைக்கலாமா? அவன் கற்றுக்கொள்ளும் வரை படும் வேதனை குதிரையுடையதல்லவா? நகரத்து இடுக்கில் லாயம் வைப்பவர்கள்மீது, இடமும் மேய்ச்சலும் போதவில்லையே என்று பிராணிநேயர்கள் எழுப்பும் குறையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. குதிரையை மருந்தாகக் கருதுபவன், நோய் தீர்ந்ததும் மருந்துப் புட்டியை எறிந்துவிடுவான்.

இதற்கு விடை தேடி நாம் சென்ற இடம், ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களின் ‘கவாயிதுல் அஹ்காம்’. மனிதன்மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் அதிலே வரிசைப்படுத்துகிறார்கள். அவற்றுள் முதலாவது, தீனி கொடுக்கவேண்டும் என்பது. கிழடாகியோ நோயுற்றோ இனி அதனால் ஒரு பயனும் இல்லையென்று ஆகிவிட்டாலும் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் கருத்து. சக்திக்கு மேல் சுமையேற்றக் கூடாது. அதன் இனத்தோடோ வேறு இனத்தோடோ சேர்ந்து துன்புறும்படி அடைக்கக் கூடாது என்றும் தொடர்கிறார்கள். தீனி போடாத உரிமையாளனை நீதிபதி கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாபிஈ வழி. அல்லாஹ்விடத்தில் அவன் குற்றவாளியே, எனினும் வழக்காடக் குதிரைக்கு வாயில்லை என்பது ஹனபி வழியில் பரவலாகச் சொல்லப்படும் கருத்து. எந்த வழியிலும் கடமை கடமைதான்.

பயனற்றுப் போன பிறகும் கடமை நிற்கிறது என்றால், கடமைக்குக் காரணம் பயனல்ல என்பது தெளிவு. நம் கேள்வியின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. நான் நல்லவனாக வேண்டும் என்பதற்காகக் குதிரைக்குப் புல் போடுகிறேன் என்று எண்ணுபவன், தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்; அவன் நல்லவனாக ஆவது கடினம். குதிரை பசித்திருக்கிறது, ஆகையால் புல் போடவேண்டும் என்று எழுந்து போகிறவனைத்தான் அந்தச் செயல் திருத்துகிறது. பிறர் மெச்சத் தொழுபவனுக்குத் தொழுகை இல்லாமற் போவதைப் போன்றதே இதுவும். இக்லாஸ் என்பது பள்ளிவாசலுக்குள் மட்டும் வேண்டப்படுவதன்று. ஆகவே, இளைஞர்களைத் திருத்தக் குதிரை வளர்க்கிறோம் என்று சொல்லும் ஒரு சங்கத்தை எடைபோட ஓர் எளிய வழி உண்டு. அங்குள்ள கிழட்டுக் குதிரை எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டும். நொண்டியாகிவிட்ட குதிரையின் குளம்பையும் பிள்ளைகள் தினமும் துப்புரவு செய்கிறார்கள் என்றால், அங்கே பயிற்சி நடக்கிறது. அது காணாமற் போய்விட்டது என்றால், ‘உபயோகமில்லாதவனை ஒதுக்கு’ என்ற அந்தத் தெருவின் பழைய பாடத்தையே பிள்ளைகள் மீண்டும் கற்கிறார்கள்.

ஸாத் அத்தியாயத்தில் வரும் சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றை இதோடு சேர்த்துப் படிக்கலாம். மாலை வேளையில் அவர்கள் முன்னிலையில் நிறுத்தப்பட்ட உயர்சாதிக் குதிரைகளின் கால்களையும் கழுத்துகளையும் அவர்கள் ‘மஸ்ஹு’ செய்யலானார்கள் என்று வருகிறது. தொழுகையைத் தவறவைத்த குதிரைகளை வாளால் வெட்டினார்கள் என்பது விரிவுரையாளர் சிலரின் பொருள். அன்போடு கையால் தடவிக்கொடுத்தார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்த பொருள். குற்றமற்ற பிராணியை ஒரு நபி வதைப்பார்களா என்று கேட்டு, பின்னதையே இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் ஏற்றார்கள். நாமும் பின்னதையே ஓதிக்கொடுக்கிறோம்.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் குதிரை அந்நியமன்று. இராவுத்தர் என்னும் பெயரே குதிரை வீரனைக் குறிப்பது. பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார், கடலில் இறந்தாலும் விலையுண்டு என்ற ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். பாண்டியரின் அமைச்சராயிருந்த தகியுத்தீன் அப்துர்ரஹ்மானின் குடும்பத்தார்தாம் அந்த வணிகத்தை நடத்தினர். இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதே வஸ்ஸாஃபும், அதே காலத்தில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் எழுதியுள்ள மற்றொரு செய்தியைச் சொல்லுவதில்லை. இறங்கிய குதிரைகள், ஆகாத தீனியாலும் பராமரிப்பின்மையாலும் சீக்கிரமே மாண்டுபோயின என்பதே அது. ஆண்டுதோறும் புதிய குதிரை விற்கவேண்டும் என்பதற்காக, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை இங்கே வரவிடாமல் வணிகர்கள் தடுத்தார்கள் என்றுகூட மார்க்கோ போலோ குற்றம் சாட்டுகிறார். அது மெய்யாக இருக்குமாயின், அந்தச் செம்பொன்னில் எவ்வளவு ஹலால் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கப்பலில் வந்த குதிரைகளைப் பற்றிச் சொன்னோம். வண்டி இழுத்த ஒரு குதிரையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்தது 1980களில். பின்தெருவில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். ரயிலடிக்கும் கடைத்தெருவுக்குமாக ஓட்டுவார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர். அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்று வண்டி இழுத்தது, மற்றொன்று கிழடாகிக் கொல்லையில் சும்மா நின்றது. ஒரு குதிரை சம்பாதித்த கொள்ளை இரண்டும் தின்றன. விற்றுவிடச் சொல்லாத ஆளில்லை. “எனக்கும் பிள்ளைகளுக்கும் பத்து வருசம் சோறு போட்டுச்சு தம்பி, இப்ப நான் போடுறேன்” என்பார். கவாயிதுல் அஹ்காமை அவர் கண்டவரல்லர். நாம் அதைக் காணவும் இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

மாலை ரயிலுக்கு அவர் போய்விடுவதால், அஸர் தொழுததும் கிழட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் வேலையை நம்மிடம் கொடுத்தார். கூலி கிடையாது. பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் திடலிலே பந்தாட்டம். நாம் அங்கே போய்விட்டோம். இஷா தொழுகையில் ஸலாம் கொடுக்கும்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது. ஓடினோம். அவர் அப்போதுதான் வண்டியை அவிழ்த்துவிட்டுக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். கோடை நாள். குதிரையின் வாயோரத்தில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. மூன்று வாளி குடித்தது. தம் தோள்துண்டை நனைத்து அதன் முகத்தை மெல்லத் துடைத்துவிட்டார். நம்மை ஏசுவார் என்று நின்றோம். “அதுக்கு வாயில்லை தம்பி” என்றதோடு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு மத்ரஸாப் பாயில் நமக்கு உறக்கம் வரவில்லை. சுபுஹு பாங்குக்கு முன்பே எழுந்து கொல்லைக்குப் போனோம். குதிரை நின்றுகொண்டிருந்தது. வாளியை வைத்தோம். நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்திக் குடிக்கத் தொடங்கிற்று.